கோடை வாசிப்பு இயக்கம்: அமெரிக்கப் பொது நூலகங்களின் விடுமுறைக்கால வரலாறு

கோடை வாசிப்பு இயக்கம் என்பது, பள்ளிகள் மூடியிருக்கும் கோடை மாதங்களில் மாணவர்கள் வாசிப்பைக் கைவிடாமல் இருக்கப் பொது நூலகங்கள் நடத்தும் திட்டங்களைக் குறிக்கும் பொதுப்பெயர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் அமெரிக்காவின் சில தொழில்நகரங்களில் இது தொடங்கியது. சிறுவர்களை நல்ல நூல்களின் பக்கம் திருப்புவதே முதலில் இதன் நோக்கம். பின்னர் இது வாசித்த நூல்களை எண்ணிப் பரிசளிக்கும் போட்டியாக மாறியது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏழைக் குழந்தைகள் கல்வியில் பின்தங்குவதற்கான காரணங்களை ஆராய்ந்தவர்கள், கோடை விடுமுறையையும் அதில் குழந்தைகளுக்குக் கிடைக்கும் நூல்களையும் தனியாகக் கவனித்தனர். அதன்பின் இந்த இயக்கம் கல்விச் சமத்துவம் பற்றிய விவாதத்தின் பகுதியானது.

நீண்ட விடுமுறை உருவான விதம்

அமெரிக்கப் பள்ளிகளின் நீண்ட கோடை விடுமுறை, பிள்ளைகள் வயல்வேலைக்குத் தேவைப்பட்டதால் உருவானது என்பது பரவலான நம்பிக்கை. கல்வி வரலாற்றாசிரியர் கென்னத் கோல்டு இதை மறுத்தார். வேளாண்மையில் பிள்ளைகளின் உழைப்பு அதிகம் தேவைப்படுவது விதைப்புக் காலமான வசந்தத்திலும் அறுவடைக் காலமான இலையுதிர் பருவத்திலும்தான். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிராமப் பள்ளிகள் அந்த இரு பருவங்களில் மூடப்பட்டு, குளிர்காலத்திலும் கோடையிலும் நடைபெற்றன. நகரப் பள்ளிகள் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் இயங்கின. வருகை கட்டாயம் இல்லை என்பதால், கோடையில் வகுப்புகள் பாதி காலியாக இருந்தன.

நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கின. நகரங்களில் கோடை வகுப்புகள் கைவிடப்பட்டன. வெயில், தொற்றுநோய் அச்சம், வசதியான குடும்பங்கள் கோடையில் நகரைவிட்டு வெளியேறும் வழக்கம், ஆசிரியர் பயிற்சிக்குத் தேவைப்பட்ட காலம் ஆகியவை அதற்குக் காரணங்கள். ஓய்வில்லாத படிப்பு பிள்ளைகளின் மூளையையும் உடலையும் கெடுக்கும் என்று அன்றைய மருத்துவர்களும் கல்வியாளர்களும் நம்பியதும் ஒரு காரணம். கிராமங்கள் நகரங்களின் நாட்காட்டியைப் பின்பற்றின. இவ்வாறு நூற்றாண்டின் இறுதிக்குள் இரண்டு மாதங்களுக்கு மேற்பட்ட கோடை விடுமுறை நாடெங்கும் வழக்கமாகியது.

விடுமுறைப் பள்ளிகளும் ஷடாக்வாவும்

வசதியுள்ள குடும்பங்களுக்கு விடுமுறை என்பது கடற்கரையும் மலைவாசமும். தொழிற்சாலைப் பகுதிகளின் பிள்ளைகளுக்கு அது தெருவில் கழியும் காலம். இந்த வேறுபாடு விரைவிலேயே கவனிக்கப்பட்டது. 1866-ல் பாஸ்டனின் முதல் தேவாலயம் ஒரு விடுமுறைப் பள்ளியைத் தொடங்கியது. நியூயார்க்கில் 1894-ல் ஏழைகளின் நிலையை மேம்படுத்துவதற்கான சங்கம் இத்தகைய பள்ளிகளை நடத்தியது. பாடநூல்களைக் காட்டிலும் கைத்தொழில், இசை, இயற்கைப் பாடம், விளையாட்டு ஆகியவற்றுக்கே அவற்றில் முதலிடம் இருந்தது. பிள்ளைகளைத் தெருவிலிருந்து காப்பதே அவற்றின் முதன்மை நோக்கம்.

இதே காலகட்டத்தில் பெரியவர்களுக்கான வாசிப்பு இயக்கம் ஒன்றும் கோடையோடு இணைந்து வளர்ந்தது. 1874-ல் ஜான் ஹெயில் வின்சென்ட், லூயிஸ் மில்லர் இருவரும் நியூயார்க் மாநிலத்தின் ஷடாக்வா ஏரிக்கரையில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கான கோடைக் கூடுகையைத் தொடங்கினர். 1878-ல் வின்சென்ட் அங்கே ஓர் இலக்கிய அறிவியல் வாசிப்பு வட்டத்தை அமைத்தார். உறுப்பினர்கள் தம் வீட்டிலிருந்தபடியே நான்கு ஆண்டுகளுக்கு வகுக்கப்பட்ட நூல்களைப் படித்து முடித்துச் சான்றிதழ் பெறலாம். முதல் ஆண்டிலேயே 8,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். கல்லூரிக்குச் செல்ல வாய்ப்பில்லாத பெண்களும் சிற்றூர்வாசிகளும் அவர்களில் கணிசமானவர்கள். நூல் பட்டியல், குழு, சான்றிதழ் என்ற இந்த வடிவம் பின்னர் சிறுவர்களுக்கான கோடை வாசிப்புத் திட்டங்களிலும் காணப்படுகிறது.

நூலகத்தில் சிறுவர்களுக்கு இடம்

கோடையில் சிறுவர்கள் நூலகத்துக்கு வர வேண்டுமானால், முதலில் நூலகம் அவர்களை உள்ளே விட வேண்டும். 1870-களில் பெரும்பாலான அமெரிக்கப் பொது நூலகங்கள் 12 அல்லது 14 வயதுக்குக் குறைந்தவர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. நூல்கள் பூட்டிய அறைகளில் இருந்தன. வாசகர் பட்டியலைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் ஊழியர் எடுத்துத் தருவார்.

இந்த நிலையை மாற்றியவர்களில் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாட்டக்கெட் நகர நூலகர் மினர்வா சாண்டர்ஸ், ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளை நூலகத்துக்குள் வரவேற்றார். அவர்களுக்கென உயரம் குறைந்த மேசைகளையும் நாற்காலிகளையும் அமைத்தார். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் 1875-ல் நூலகப் பொறுப்பேற்ற கரோலைன் ஹெவின்ஸ், சிறுவர்கள் மலிவுவிலைச் சாகசக் கதைகளையே திரும்பத் திரும்ப எடுத்துச் செல்வதைக் கண்டார். 1882-ல் சிறுவர்களுக்கான நூல்களின் வழிகாட்டிப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டு பிற நூலகர்களுக்குக் கடிதம் எழுதி, சிறுவர்களிடம் நல்ல வாசிப்பில் விருப்பம் உண்டாக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். கிடைத்த பதில்களை அமெரிக்க நூலகச் சங்கத்தின் மாநாட்டில் தொகுத்து அளித்தார். சிறார் நூலகப் பணி ஒரு தனித் துறையாக உருவானதில் அந்த அறிக்கைக்கு முக்கிய இடம் உண்டு.

கிளீவ்லேண்ட்

ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லேண்ட், 1890-களில் இரும்பு எஃகு ஆலைகளால் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த நகரம். மத்திய, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் அங்கே ஏராளம். அவர்களின் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கில நூல் கையில் கிடைக்கும் இடங்கள் இரண்டே: பள்ளி, பொது நூலகம். கோடையில் பள்ளி மூடினால் எஞ்சுவது நூலகம் ஒன்றுதான்.

1884-ல் நூலகத் தலைவரான வில்லியம் ஹோவர்ட் பிரெட், 1890-ல் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். பெரிய நகர நூலகம் ஒன்றில் வாசகரே சென்று நூலை எடுத்துப் பார்க்கலாம் என்பது அன்று துணிச்சலான முடிவு. 1892-ல் அங்கே பணியில் சேர்ந்த லிண்டா ஈஸ்ட்மன் முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். விடுமுறைக்கு முன்பே சிறந்த நூல்களின் பட்டியல்களைப் பள்ளிகள் வழியாக மாணவர்களிடம் சேர்க்கும் முயற்சி 1890-களின் நடுவில் அவர் காலத்தில் தொடங்கியது. அமெரிக்காவின் முதல் கோடை வாசிப்பு முயற்சியாக நூலக வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் குறிப்பிடுவது இதையே.

1897-ல் இதன் தொடர்ச்சியாகச் சிறுவர் நூலகக் கழகம் அமைந்தது. நூல்களைக் கிழிக்காமலும் அழுக்காக்காமலும் காப்பதாக உறுதிமொழி எழுதிக் கொடுப்பவர் உறுப்பினராகலாம். தூய உள்ளம், தூய கைகள், தூய நூல்கள் என்பது கழகத்தின் முழக்கம். நல்ல நூல்களை நண்பர்களுக்கு எடுத்துச் சொல்வதும் உறுப்பினரின் கடமையாக இருந்தது. ஆயிரக்கணக்கான சிறுவர்கள் சேர்ந்தனர். நூலகத்தின் சொத்தைக் காக்கும் ஏற்பாடாகத் தொடங்கியது, சிறுவர்கள் நூலகத்தைத் தமது இடமாகக் கருதும் நிலைக்கு இட்டுச் சென்றது. ஈஸ்ட்மன் 1918-ல் கிளீவ்லேண்ட் பொது நூலகத்தின் தலைவரானார். அந்த அளவுள்ள நகர நூலகத்துக்குத் தலைமையேற்ற தொடக்ககாலப் பெண்களில் அவர் ஒருவர்.

விளையாட்டுத் திடலுக்குச் சென்ற நூல்கள்

பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி நூலகம் வேறொரு வழியைத் தேர்ந்தது. 1898-ல் அங்கே சிறார் பிரிவின் பொறுப்பேற்ற ஃபிரான்சஸ் ஜென்கின்ஸ் ஆல்காட், சிறுவர்கள் நூலகத்துக்கு வருவதற்காகக் காத்திருக்கவில்லை. தொழிலாளர் குடியிருப்புகளில் ஒரு வீட்டைத் தேர்ந்து, அங்கே ஒரு சிறு நூல் பெட்டியை வைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை நூல் வழங்கும் வீட்டு நூலகங்கள் செயல்பட்டன. கோடையில் நகரின் விளையாட்டுத் திடல்களுக்கும் நூல்கள் கொண்டுசெல்லப்பட்டன. கதைசொல்லும் நேரம் இத்திட்டத்தின் முக்கியப் பகுதி. வாசிக்கத் தெரியாத குழந்தையும் கதை கேட்டபின் அந்த நூலைக் கேட்டு வாங்கும் என்பதை அந்த நூலகர்கள் கண்டனர்.

கிளீவ்லேண்டின் பட்டியல் சிறுவர்களை நூலகத்துக்கு அழைத்தது. பிட்ஸ்பர்க்கின் பெட்டி நூல்களைச் சிறுவர்களிடம் கொண்டு சேர்த்தது. கோடை வாசிப்பின் பிற்கால வரலாற்றில் இவ்விரு முறைகளும் மாறி மாறி வருகின்றன.

எண்ணிக்கையும் பரிசும்

1920-களுக்குப் பின் கோடை வாசிப்பு மன்றங்கள் சிற்றூர் நூலகங்களுக்கும் பரவின. ஆண்டுக்கு ஒரு கருப்பொருள் அறிவிக்கப்பட்டது. கப்பல் பயணம், சர்க்கஸ், விமானம், புதையல் தேடல் ஆகியவை பலமுறை பயன்பட்டன. சுவரில் ஒரு வரைபடம் மாட்டப்படும். ஒரு நூல் முடித்தால் மாணவரின் பெயர் எழுதிய அட்டை ஒரு கட்டம் நகரும். குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டியவருக்குக் கோடை முடிவில் சான்றிதழ் வழங்கப்படும்.

இந்த முறைக்கு நூலகர்களிடமே எதிர்ப்பும் எழுந்தது. எண்ணிக்கைக்காக மெல்லிய நூல்களையே சிறுவர்கள் தேடி எடுப்பதாகவும், மெதுவாக வாசிப்பவர்கள் வெட்கப்பட்டு விலகுவதாகவும் சிலர் எழுதினர். ஏற்கெனவே வாசிக்கும் பழக்கமுள்ள பிள்ளைகளே பரிசுகளைப் பெறுகிறார்கள் என்பது மற்றொரு குறை. இதனால் பல நூலகங்கள் ஒருவரோடொருவர் போட்டியிடும் முறையைக் கைவிட்டு, ஒவ்வொருவரும் தமக்கென ஓர் இலக்கை வைத்துக்கொள்ளும் முறைக்கு மாறின. நூல்களுக்குப் பதிலாக வாசித்த நேரத்தைக் கணக்கிடும் வழக்கமும் பின்னர் வந்தது.

செலவைக் குறைக்க நூலகங்கள் ஒன்றுசேரவும் தொடங்கின. 1987-ல் மினசோட்டா மாநிலத்தின் பத்து வட்டார நூலக அமைப்புகள் பொதுவான கருப்பொருளையும் சுவரொட்டிகளையும் பகிர்ந்துகொண்டன. இந்தக் கூட்டு முயற்சி பின்னர் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களுக்கும் விரிந்தது.

கோடை இழப்பு பற்றிய ஆய்வுகள்

விடுமுறையில் மாணவர்கள் கற்றதை மறக்கிறார்களா என்ற கேள்வி 1906-லேயே ஆராயப்பட்டது. வில்லியம் ஒயிட் ஒரு சிறு குழு மாணவர்களை விடுமுறைக்கு முன்னும் பின்னும் சோதித்து முடிவுகளை வெளியிட்டார். தொடர்ந்து பல சிறு ஆய்வுகள் வந்தன. 1996-ல் ஹாரிஸ் கூப்பரும் அவர் குழுவினரும் 39 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். சராசரியாக ஏறத்தாழ ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்னடைவு இருப்பதாகவும், அது கணக்கில் கூடுதல் என்றும் கண்டனர். வாசிப்பில் முடிவு குடும்ப வருவாயைப் பொறுத்து மாறியது. நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் தம் நிலையைத் தக்கவைத்தனர், அல்லது சற்று முன்னேறினர். ஏழைப் பிள்ளைகள் பின்தங்கினர்.

நூலகங்களின் பங்கைத் தெளிவாகக் காட்டியது, சமூகவியலாளர் பார்பரா ஹெய்ன்ஸ் 1978-ல் வெளியிட்ட நூல். ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில் ஆறாம், ஏழாம் வகுப்புகளில் படித்த ஏறத்தாழ 3,000 மாணவர்களை அவர் ஆராய்ந்தார். கோடையில் கற்றலோடு மிக உறுதியாகத் தொடர்புகொண்டிருந்த செயல் வாசிப்பு. வாசித்த நூல்களின் எண்ணிக்கை, செலவிட்ட நேரம், நூலகத்தைப் பயன்படுத்துதல் ஆகிய எதைக் கொண்டு அளந்தாலும் அந்தத் தொடர்பு தெரிந்தது. கோடைக்கால வகுப்புகள் உட்பட வேறெந்தப் பொது நிறுவனத்தைக் காட்டிலும் பொது நூலகமே விடுமுறையில் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிக்கு அதிகம் உதவியது என்பது அவர் முடிவு. வீட்டிலிருந்து நூலகம் எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதும் பயன்பாட்டைப் பாதித்தது. அருகில் இருந்தால் பிள்ளைகள் சென்றனர், தொலைவில் இருந்தால் செல்வது குறைந்தது.

பால்டிமோர்

1982-ல் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் டோரிஸ் என்ட்விசில், கார்ல் அலெக்சாண்டர் ஆகியோர் 20 பொதுப் பள்ளிகளிலிருந்து முதல் வகுப்பு மாணவர்கள் 790 பேரைத் தேர்ந்து நீண்டகால ஆய்வைத் தொடங்கினர். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளைகளும் வசதியான பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் முன்னேறினர். கோடையில் மட்டும் இடைவெளி விரிந்தது.

இதை விளக்க அவர்கள் குழாய் உவமையைப் பயன்படுத்தினர். பள்ளி நடக்கும்போது குழாய் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. விடுமுறையில் பள்ளிக் குழாய் மூடும்போது, வசதியான வீட்டில் நூல்கள், பயணம், பெற்றோரின் நேரம் என்று வேறு குழாய்கள் திறந்திருக்கின்றன. ஏழை வீட்டில் அவை இல்லை. ஒன்பதாம் வகுப்பில் வாசிப்பில் காணப்பட்ட இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தொடக்கப்பள்ளிக் கால விடுமுறைகளில் உருவானது என்று 2007-ல் அவர்கள் எழுதினர். ஏழைப் பிள்ளைகள் பின்தங்குவதற்கு அவர்களின் சோம்பலையோ பெற்றோரின் அக்கறையின்மையையோ காரணமாகச் சொல்வதற்கு இந்த முடிவுகள் வலுவான மறுப்பாகக் கருதப்பட்டன.

நூல்களைக் கொடுத்துப் பார்த்த சோதனை

பின்தங்குவதற்குக் காரணம் நூல்கள் கிடைக்காமைதான் என்றால், நூல்களைக் கொடுத்தால் நிலை மாற வேண்டும். ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் ஆகியோரின் குழு ஃபுளோரிடா மாநிலத்தில் வறுமை மிகுந்த 17 பள்ளிகளில் இதைச் சோதித்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 852 மாணவர்கள், கோடைக்கு முன் நடந்த நூல் கண்காட்சியில் தாமே தேர்ந்த 12 நூல்களைப் பெற்றனர். மூன்று கோடைகள் இது தொடர்ந்தது. நூல்கள் அவர்களுக்கே சொந்தம். தேர்வோ கட்டுரையோ எழுதும்படி யாரும் கேட்கவில்லை.

நூல் பெறாத 478 மாணவர்களோடு ஒப்பிட்டபோது, நூல் பெற்றவர்கள் வாசிப்புத் தேர்வில் சற்று முன்னிலையில் இருந்தனர். முன்னேற்றத்தின் அளவு சிறியது என்றாலும், அதிகச் செலவு பிடிக்கும் கோடைக்கால வகுப்புகளின் பயனுக்கு இணையாக இருந்தது. மிகவும் ஏழ்மையான மாணவர்களிடம் அது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. இம்முடிவுகள் 2010-ல் வெளியாயின. திரைப் பாடகர்கள், விளையாட்டு வீரர்கள், தொலைக்காட்சிப் பாத்திரங்கள் பற்றிய நூல்களே மாணவர்களிடம் அதிகம் விரும்பப்பட்டன. ஹெவின்ஸ் காலத்து நூலகர்கள் தம் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார்கள் எனத்தக்க நூல்கள் இவை.

நூலைக் கொடுத்தாலே போதுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஜேம்ஸ் கிம் நடத்திய சோதனைகளில் ஒன்றில், நூல்களை மட்டும் பெற்ற மாணவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மாணவரின் வாசிப்புத் திறனுக்கு ஏற்ற நூல்கள் கொடுக்கப்பட்டு, விடுமுறைக்கு முன் ஆசிரியர் வாசிக்கும் முறையைக் கற்பித்து, வீட்டில் ஒருவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டச் செய்தபோதே முன்னேற்றம் தெரிந்தது. கைக்கு எட்டாத நூலைப் போலவே புரியாத நூலும் பயன் தருவதில்லை என்பதை இது காட்டியது.

மறு ஆய்வு

பால்டிமோர் முடிவுகள் பின்னர் கேள்விக்குள்ளாயின. பால் வான் ஹிப்பலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018, 2019-ல் வெளியிட்ட கட்டுரைகளில் புதிய தேர்வு முறைகளின் தரவுகளை ஆராய்ந்தனர். 1980-களின் தேர்வுகளில் விடுமுறைக்கு முன் ஒரு வினாத்தாளும், பின் அடுத்த வகுப்புக்கான கடினமான வினாத்தாளும் தரப்பட்டன. விரிந்ததாகத் தோன்றிய இடைவெளியில் ஒரு பகுதி வினாத்தாள் மாற்றத்தாலும் மதிப்பெண் கணக்கிடும் முறையாலும் வந்திருக்கலாம் என்று அவர்கள் காட்டினர். புதிய தரவுகளின்படி இடைவெளியின் பெரும்பகுதி குழந்தை பள்ளியில் சேர்வதற்கு முன்பே உருவாகிவிடுகிறது. ஆகவே கோடையில் இடைவெளி எவ்வளவு விரிகிறது என்பது இன்று முடிந்த விவாதம் அல்ல.

எனினும் கோடையில் கற்றல் எல்லா மாணவர்களிடமும் மந்தமாகிறது என்பதை இந்த மறு ஆய்வும் ஏற்கிறது. முன்பே பின்தங்கியவர்கள் மற்றவர்களை எட்டிப்பிடிக்கக் கோடை ஒரு வாய்ப்பு என்பது அதன் ஆசிரியர்களின் கருத்து.

பிற நாடுகளில்

பிரிட்டனில் 1999-ல் கோடை வாசிப்புச் சவால் என்ற திட்டம் பொது நூலகங்கள் வழியாகத் தொடங்கியது. 4 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகள் விடுமுறையில் ஆறு நூல்களை வாசிக்க வேண்டும் என்பது அதன் வழக்கமான இலக்கு. நூல்களைக் குழந்தைகளே தேர்ந்தெடுக்கலாம்.

அமெரிக்கப் பொது நூலக இயக்கத்துக்கு இந்தியாவோடு நேரடித் தொடர்பு உண்டு. பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் அமெரிக்கப் பயணத்தில் அங்குள்ள நூலகங்களைக் கண்டு, 1910-ல் வில்லியம் ஆலன்சன் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை அழைத்துவந்தார். கிராமங்களுக்கு நூல் பெட்டிகளை அனுப்பும் முறை பரோடாவில் செயல்பட்டது. தமிழகத்தில் 1928-ல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931-ல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று ஊர் ஊராகச் சென்றது. அதைத் தொடங்கிவைத்தவர் சீர்காழி இரா. அரங்கநாதன். 1948-ல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே மாவட்ட, கிளை நூலகங்கள் பெருகின. மே மாத விடுமுறையில் மாணவர்களுக்குக் கதைசொல்லல், ஓவியம், வாசிப்பு முகாம்களை நடத்தும் வழக்கம் இந்நூலகங்களில் உள்ளது.

மதிப்பீடு

விடுமுறையிலும் படியுங்கள் என்ற அறிவுரை மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லப்படுகிறது. கோடை வாசிப்பு இயக்கத்தின் வரலாறு அந்த அறிவுரை எப்போது பயன் தந்தது என்பதைக் காட்டுகிறது. பட்டியலோடு நின்ற முயற்சிகள் ஏற்கெனவே வாசிப்பவர்களையே சென்றடைந்தன. பரிசுகளுக்கும் பெரும்பாலும் அதே எல்லை இருந்தது. நடந்து செல்லும் தொலைவில் நூலகம், வீட்டுக்கு எடுத்துச் செல்ல உரிமை, தானே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம், வாசித்ததைக் கேட்க ஒருவர் ஆகியவை சேர்ந்த இடங்களில் வாசிக்கும் பழக்கமில்லாத பிள்ளைகளும் வாசித்தனர். சாண்டர்ஸின் தாழ்ந்த மேசை முதல் ஃபுளோரிடாவின் 12 நூல்கள் வரை, இந்த இயக்கத்தில் பயன் தந்தவை பெரும்பாலும் எளிய ஏற்பாடுகளே. அவற்றுக்கான பொறுப்பை மாணவரிடம் விடாமல் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டது அவற்றின் பொதுத்தன்மை.